ஈட்டன் வீட்டு வம்சாவளி: இதுவரை வரைந்தது

வம்சாவளி வரைவது என் பொழுதுபோக்கு. இந்த முறை எடுத்துக்கொண்டது தியோஃபிலஸ் ஈட்டனின் குடும்பம். பால்டிக் கடல் வணிகத்தில் பணம் சேர்த்த லண்டன் பியூரிட்டன் அவர்; இங்கிலாந்துத் திருச்சபையை இன்னும் தூய்மையாக்க வேண்டும் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களில் ஒருவர். 1637-இல் 'ஹெக்டர்' கப்பலில் பாஸ்டனுக்கு வந்தார். அடுத்த ஆண்டே போதகர் ஜான் டேவன்போர்ட்டோடு சேர்ந்து, இன்றைய கனெக்டிகட் கடற்கரையில் நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவினார். கடைசிவரை அதற்கு ஆளுநராக இருந்தவரும் அவர்தான்.

சார்ட் பேப்பரில் வழக்கம்போல மேலே தாத்தா, கீழே அப்பா, அதற்கும் கீழே பிள்ளைகள் என்றுதான் தொடங்கினேன். இந்தக் குடும்பம் அப்படிக் கோட்டுக்குள் அடங்குவதாயில்லை. ஈட்டனின் முதல் மனைவி கிரேஸ் ஹில்லர் லண்டனிலேயே இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன மகள் மேரி. பிறகு ஈட்டன் மணந்த ஆன் ஒரு விதவை. செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாய்டின் மகள், தாமஸ் யேல் என்பவரின் மனைவியாக இருந்தவர். அவர் கூடவே ஆன், டேவிட், தாமஸ் என்று மூன்று யேல் பிள்ளைகள். ஈட்டனுக்கும் இந்த இரண்டாம் மனைவிக்கும் பிறந்தவர்கள் சாமுவேல், தியோஃபிலஸ், ஹன்னா. இத்தனை பேருக்கும் மேலே ஈட்டனின் வயதான தாயார்.

அதனால் முறையையே மாற்றினேன். ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் எல்லாரும் ஒரே கட்டத்துக்குள். ரத்த உறவுக்குக் கறுப்புக் கோடு, மறுமணத்தால் வந்த உறவுக்கு நீலக் கோடு. வேலைக்காரர்களுக்கும் அதே கட்டத்துக்குள்தான் இடம். அந்த வீட்டில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களில் லுக்ரீஷியா, ஆண்டனி என்ற பெயர்கள் தெரிகின்றன. அவர்களுடைய அப்பா அம்மா பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு மேலே கோடு போட வழியில்லாமல் நிற்பதையும் வரைபடம் காட்டத்தான் வேண்டும். தாளின் அடியில், அந்த வீடு நின்ற நிலம் யாருடையது என்பதையும் எழுதினேன். 1638 நவம்பரில் குவினிபியாக் பழங்குடி மக்களின் தலைவர் மொமாகுவின், மேலங்கிகள், கரண்டிகள், கோடரிகள், மண்வெட்டிகள், கத்திகள் இவற்றுக்கு ஈடாக அதைக் கொடுத்தார்.

தேதி குறிப்பது தனி வேலை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். 1752 வரை அப்படித்தான். பியூரிட்டன்கள் மாதப் பெயர்களிலும் புறமதத் தெய்வங்கள் ஒட்டியிருப்பதாக நினைத்ததால், பல இடங்களில் எண்ணாகவே எழுதினார்கள். மார்ச் முதல் மாதம், ஜனவரி பதினோராம் மாதம். ஈட்டன் இறந்த ஜனவரி 7 அவர்கள் கணக்கில் 1657, நம் கணக்கில் 1658. ஜனவரி, பிப்ரவரி தேதிகள் எல்லாவற்றையும் 1657/8 என்று இரட்டையாக எழுதுகிறேன். அப்படிச் செய்யாவிட்டால் குழந்தை பிறந்த பிறகு கல்யாணம் நடந்ததுபோல ஆகிவிடும். இந்த நூற்றாண்டுக் குடும்பம் எதை வரைந்தாலும் முதலில் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அதிக நேரம் எடுத்தது இரண்டாவது மனைவி ஆன் ஈட்டன்தான். வம்சாவளிகள் பெரும்பாலும் அவரை 'பிஷப் மகள், ஆளுநர் மனைவி' என்று ஒரு வரியில் முடித்துவிடும். ஆனால் நியூ ஹேவன் திருச்சபை அவரை விசாரித்த பதிவு மிஞ்சியிருக்கிறது. ஆன், டெபோரா மூடி என்ற சீமாட்டியிடமிருந்து ஒரு புத்தகம் வாங்கிப் படித்து, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல என்ற முடிவுக்கு வந்தார். அதைக் கொடுக்கும் நேரத்தில் ஆராதனையை விட்டு எழுந்து வெளியேறினார். ஆளுநரின் மனைவி, ஊரே பார்க்க.

சபை அவரைத் திருத்தப் பார்த்தது, அவர் அசையவில்லை. அதன்பிறகு குற்றச்சாட்டுகள் வீட்டுக்குள்ளிருந்தே வந்தன. சாப்பாட்டு மேஜையில் மாமியாரின் முகத்தில் அறைந்தார், மூத்தாள் மகள் மேரியைக் கன்றிப்போகும் அளவுக்குக் கிள்ளினார், வேலைக்காரர்களோடு ஓயாத சண்டை. ஒவ்வொன்றும் பைபிளின் பத்துக் கட்டளைகளில் எந்தக் கட்டளையை மீறியது என்று வகைப்படுத்தி வாசித்தார்கள். 1645-இல் சபை நீக்கம் செய்தார்கள். ஈட்டன் அந்தச் சபையை நிறுவியவர்களில் ஒருவர்.

ஆன் மென்மையானவர் என்று நான் சொல்லமாட்டேன். மேரி பட்டது உண்மையான வலி. ஆனால் மூன்று தொகுதிப் பிள்ளைகளையும் மாமியாரையும் பெரிய வேலைக்காரக் கூட்டத்தையும் ஒரே வீட்டில் வைத்துவிட்டு, அத்தனை உரசலையும் அந்த ஒருத்தியின் பாவம் என்று எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டமாக வரைந்தபோது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இதுதான்: அந்தப் பிள்ளைகளின் கோடுகள் எல்லாம் சந்திக்கிற இடத்தில் அவர் இருக்கிறார். ஈட்டன் இறந்ததும் இங்கிலாந்து திரும்பி, 1659-இல் காலமானார்.

அவருடைய மகள் ஆன் யேலின் கதை இன்னும் மனதை உறுத்துகிறது. அப்போது தனிக் குடியேற்றமாக இருந்த கனெக்டிகட்டின் ஆளுநராக இருந்த எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி அவர். 1645-இல் அவருக்கு மனம் கலங்கியதை மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் விந்த்ரப் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார். ஓயாமல் படித்ததும் எழுதியதும்தான் காரணமாம். பெண்ணுக்குரிய வீட்டு வேலைகளோடு நின்றிருந்தால் புத்தி தங்கியிருக்குமாம். அம்மாவைச் சபை நீக்கிய அதே ஆண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுபவர்கள் குறைவு. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஹாப்கின்ஸ் 1657-இல் இறக்கும்போது, மனைவியைப் பராமரிக்கும் பணத்தை அவள் சகோதரர் டேவிட் யேல் கையில் கொடுக்கும்படி உயில் எழுதினார். அதன்பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், 1698 வரை, ஆன் உயிரோடிருந்தார். அவர் எழுதியது எதுவும் மிஞ்சவில்லை.

மற்றவர்களைச் சீக்கிரம் முடித்தேன். ஹார்வர்டில் படித்த சாமுவேல் ஈட்டனும் அவர் மனைவி மேபலும் 1655-இல் பெரியம்மையில் போய்விட்டார்கள். ஹன்னாவின் கணவர் வில்லியம் ஜோன்ஸ், மன்னர் முதலாம் சார்லஸுக்கு மரண தண்டனை விதித்த நீதிபதிகளில் வாலி, காஃப் என்ற இருவர் 1661-இல் தலைமறைவாக ஓடிவந்தபோது அடைக்கலம் கொடுத்தவர். ஈட்டனின் கல்லறைக் கல்லில் ஹன்னா தம்பதியையும் சேர்த்துப் பாடியிருக்கிறார்கள்.

டேவிட் யேலின் கோடு நம் ஊருக்கு வருகிறது. அவர் மகன் எலிஹு 1649-இல் பாஸ்டனில் பிறந்து, சிறு குழந்தையாக இங்கிலாந்து போனவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து 1672-இல் மதராஸ் வந்து, 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். அவர் தலைமையில் இங்கிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள். 1718-இல் நியூ ஹேவன் கல்லூரிக்கு அவர் நன்கொடையாக அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு 560 பவுண்டுக்குச் சற்று மேல் விலைபோய், அந்தக் கல்லூரிக்கு யேல் என்று பெயர் வந்தது. ஈட்டன் ரத்தம் அவரிடம் துளியும் இல்லை. பாட்டி ஆனின் வழி மட்டும்தான். நீலக் கோடு இல்லாமல் அந்தப் பெயர் ஏன் ஈட்டன் நிறுவிய ஊரில் போய் நின்றது என்பதன் முன்கதையைக் காட்டவே முடியாது.

இப்போது கையில் இருப்பது நியூ ஹேவனிலேயே தங்கிவிட்ட மூன்றாவது பிள்ளை தாமஸ் யேலின் தாள். அவர் மனைவி மேரி, கேப்டன் நதானியேல் டர்னரின் மகள். 1646 ஜனவரியில் உறைந்த துறைமுகத்தில் பனிக்கட்டியை வெட்டி வழிசெய்து அனுப்பிய கப்பலில் டர்னர் போனார்; அந்தக் கப்பல் இங்கிலாந்து போய்ச் சேரவேயில்லை. கப்பலின் தலைவர் லாம்பர்ட்டன். அதிலேயே போன இன்னொருவர், துணை ஆளுநர் குட்இயரின் மனைவி. லாம்பர்ட்டனின் விதவையைக் குட்இயர் பிறகு மணந்துகொண்டார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் மறுபடி ஒரே கூரைக்குள் வருகிறார்கள். அதற்கு இந்தத் தாளில் இடமில்லை. பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டி, குட்இயர் வீட்டுக் கட்டத்தைப் போட ஆரம்பித்திருக்கிறேன்.