உடைந்த விலங்கும் நொய்ச் சோறும்: பாரிஸில் நான்கு நாள்

முந்தாநாள்தான் பாரிஸிலிருந்து திரும்பினேன். கால் வலி இன்னும் போகவில்லை. செலவு, தங்குமிடம், மெட்ரோ என்று வரிசையாக எழுதுகிறேன் என நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதெல்லாம் வரும். முதலில் அந்த இரும்பு விலங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மெட்ரோ மூன்றாவது வழித்தடத்தில் மால்ஷெர்ப் என்று ஒரு நிலையம். மேலே ஏறி வந்தால் ஜெனரல் காத்ரூ சதுக்கம். வசதியானவர்கள் குடியிருக்கும் பகுதி, சத்தமே இல்லை. அங்கே அடிமைகளுக்கு மாட்டும் இரும்பு விலங்கு ஒன்று, உடைந்த நிலையில், ஆளை விடப் பல மடங்கு உயரத்தில் நிற்கிறது. பக்கத்தில் போய் நின்றேன். வளையத்துக்குள் நானே புகுந்துவிடலாம் போல இருந்தது. இதை ஒரு மனிதனின் கணுக்காலில் பூட்டினார்கள் என்று நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது.

2009-இல் வைத்த நினைவுச்சின்னம் இது. தோமா-அலெக்சாந்தர் துமா என்ற ஜெனரலுக்காக. 1762-இல் இன்றைய ஹைட்டியில், ஒரு அடிமைப் பெண்ணுக்கும் பிரெஞ்சுப் பிரபு ஒருவருக்கும் பிறந்தவர். திரும்ப மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு பெற்ற தகப்பனே அவரை ஒரு சமயம் விற்றிருக்கிறார். அப்புறம் மீட்டு பிரான்சுக்கு வரவழைத்தார். பையன் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்து, புரட்சிக் காலத்தில் ஆல்ப்ஸ் படைக்கே தலைமை ஏற்றார். எகிப்துக்கு நெப்போலியனோடு போனவர், திரும்பும் வழியில் இத்தாலியில் சிறைப்பட்டு இரண்டு வருடம் கிடந்தார். வெளியே வந்தபோது உடம்பு விட்டுப்போயிருந்தது. ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. 1806-இல் இறந்தபோது மகனுக்கு மூன்றரை வயது. அந்த மகன்தான் உலகமே படித்த நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா.

மகனுக்கும் பேரனுக்கும் அதே சதுக்கத்தில் சிலை இருக்கிறது. ஜெனரலுக்கும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அகற்றி உருக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் அவருக்கு அங்கே எதுவும் இல்லை.

கொஞ்சம் நகர்ந்தால் சொலித்யூட் என்ற பெண்ணின் சிலை. நெப்போலியன் 1802-இல் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த கரீபியன் தீவான குவாதலூப்பில் எதிர்த்துப் போராடியவள். பிடிபட்டபோது கர்ப்பிணி. பிள்ளை பிறந்த மறுநாள் கொன்றார்கள். 2022 மே 10 அன்று வைத்த சிலை. பாரிஸில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வைத்த முதல் சிலை இது. இத்தனை சிலைகள் உள்ள ஊரில் 2022 வரை ஒன்றுகூட இல்லை! அங்கேயே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். செலவு, மெட்ரோ டிக்கெட் மட்டும். சுமார் இரண்டரை யூரோ.

செலவு என்றதும் அந்த ஓட்டுநர் ஞாபகம் வருகிறது. இரவு பத்தரைக்கு விமான நிலையத்தில் இறங்கினேன். கதவுக்கு உள்ளேயே ஒருவர் வந்து "டாக்ஸி?" என்றார். ஐம்பது யூரோ என்றார். சரி என்று ஏறினேன். விடுதி வாசலில் நிறுத்திவிட்டுப் பெட்டிக்குத் தனி, இரவுக்குத் தனி என்று 110 கேட்டார். பெட்டியை டிக்கியிலிருந்து எடுக்கவே விடவில்லை. கத்திக் கத்தி 90-க்கு முடித்தேன். நான்கு நாள் சாப்பாட்டுப் பணம் அது! விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர அரசு நிர்ணயித்த கட்டணம் இருக்கிறது. அது வெளியே வரிசையில் நிற்கும் முறையான டாக்ஸிக்குத்தான். உள்ளே வந்து கூப்பிடுகிறவரை ஏறெடுத்தும் பார்க்காதீர்கள். ரயிலில் வந்திருந்தால் நான் கொடுத்ததில் ஆறில் ஒரு பங்குதான் ஆகியிருக்கும்.

இரண்டாம் நாள் முழுக்க நடை. ஓதியோன் பக்கம் முசியோ-லெ-பிரான்ஸ் தெரு, 14-ஆம் எண். கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் 1948 முதல் 1959 வரை குடியிருந்த வீடு. சுவரில் ஒரு பலகை மட்டும். அங்கிருந்து எகோல் தெருவுக்கு வந்தால் 25-ஆம் எண்ணை ஒட்டி ப்ரெசன்ஸ் ஆஃப்ரிகேன் புத்தகக் கடை. 1947-இல் செனகலைச் சேர்ந்த அலியூன் தியோப் தொடங்கிய பத்திரிகையிலிருந்து வளர்ந்தது. அவர்கள்தான் 1956 செப்டம்பரில், பக்கத்திலேயே இருக்கும் சொர்போனில், கறுப்பின எழுத்தாளர், கலைஞர்களின் முதல் மாநாட்டைக் கூட்டினார்கள். மார்த்தினிக் தீவுக் கவிஞர் செசேர், பின்னாளில் செனகலின் முதல் அதிபரான கவிஞர் செங்கோர், காலனி ஆட்சியை எதிர்த்து எழுதிய ஃபனோன், ரைட் எல்லோரும் ஒரே கூடத்தில்! செனகலுக்கு அப்போது விடுதலைகூடக் கிடைக்கவில்லை. எனக்குப் பிரெஞ்சு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். இருந்தாலும் செசேரின் மெல்லிய கவிதைப் புத்தகம் ஒன்றை வாங்கிவிட்டேன்.

பாந்தெயோன், பிரான்ஸ் தன் பெருமக்களை அடக்கம் செய்து கௌரவிக்கும் மண்டபம். டிக்கெட் நம் பணத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. வாசலில் நின்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டாம், கொடுங்கள். நிலவறைக்கு நேராக இறங்குங்கள். 13-ஆம் அறையில் ஜோசஃபின் பேக்கர். 1925-இல் பத்தொன்பது வயதில் அமெரிக்காவிலிருந்து ஆட வந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இசைத்தாள்களில் கண்ணுக்குத் தெரியாத மையால் ரகசியச் செய்தி கடத்தியவர். 2021-இல் இங்கே இடம் கொடுத்தார்கள், கறுப்பினப் பெண்களில் முதலாவதாக. உடல் மொனாக்கோவில்தான் இருக்கிறது. இங்கே உள்ள பெட்டியில் அவர் பிறந்த செயின்ட் லூயிஸ், பாரிஸ், வாழ்ந்த மிலாந்த், மொனாக்கோ, நான்கு ஊர் மண். இன்னொரு பக்கம் நாவலாசிரியர் துமா, எழுத்தாளர்கள் ஹ்யூகோ, ஸோலாவோடு ஒரே அறையில். அந்த விலங்கின் மகன் இங்கே படுத்திருக்கிறார் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. குவாதலூப்பில் சொலித்யூட் சேர்ந்த எழுச்சிக்குத் தலைமை தாங்கிய தெல்கிரேஸுக்கு இங்கே உடல் இல்லை, கல்வெட்டு மட்டும்.

சாப்பாடு. ஷாத்தோ ரூஜ் மெட்ரோவில் இறங்கினால் மேற்கு ஆப்பிரிக்கா! வாழைக்காய், சேனைபோல ஒரு கிழங்கு, கருவாடு, தெருவிலேயே பேரம். ஒரு சின்ன செனகல் கடையில் தியெபு தியென் வாங்கினேன். மீனும் காய்கறியும் தக்காளியில் வெந்து, அதே சாற்றில் சோறும் வெந்தது. ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்துவிட்டேன். நொய்! நம் ஊர் நொய்யரிசியேதான். புளி வேறு. பிரெஞ்சு ஆட்சியில் செனகல்காரர்களை வேர்க்கடலை பயிரிட வைத்து, சாப்பாட்டுக்கு இந்தோசீனாவிலிருந்து (இன்றைய வியட்நாம் பக்கம்) நொய்யைக் கப்பலில் கொண்டுவந்து தள்ளினார்கள். அதைத்தான் அந்தப் பெண்கள் இப்படி ஒரு சாப்பாடாக ஆக்கியிருக்கிறார்கள்.

கடைக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சட்டியின் அடியில் பிடித்திருந்த காந்தலைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்டது. கொண்டுவந்து என் தட்டோரம் வைத்தார். கறுத்து, மொறுமொறுவென்று, புளியும் மீனும் ஏறியது. காசு வாங்கவில்லை. அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் லா ஷப்பல், நம் ஈழத்துக்காரர்கள் கடைத்தெரு. அங்கே போய் டீ குடித்தேன்.

ஈஃபில் கோபுரத்தை மெட்ரோ ஜன்னலிலிருந்து பார்த்தேன், போதும். மே 10 பிரான்சில் அடிமை முறை நினைவு நாள். அடுத்த முறை அன்றைக்கு மால்ஷெர்ப்பில் நிற்க வேண்டும். விமான டிக்கெட் விலையை இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்டேன்.