பைப்லைன் நோட்டீஸ் வந்தால்: 21 நாளும் ஒரு மகஜரும்

திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பும், மாடு மேய்க்க ஒரு கொறங்காடும் இருக்கின்றன. அதன் வழியாக எண்ணெய்க் குழாய் போக வேண்டும் என்று ஒரு நிறுவனம் வந்தது. இப்போது குழாய் மண்ணுக்கடியில் இருக்கிறது. கேட்டதில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைச் சொன்னால், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும். நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். எவர் வந்தாலும் பெரும்பாலும் கையில் எடுப்பது 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டத்தைத்தான்.

அந்தச் சட்டம் நிலத்தை எடுப்பதில்லை. பட்டா நம் பெயரிலேயே இருக்கும். நிலத்துக்கு அடியில் குழாய் பதிக்கவும், பிறகு வந்து பராமரிக்கவும் உள்ள பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுக்கிறது. கேட்கச் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் குழாய் போகும் அந்த நிலப் பட்டையில் அதன் பிறகு வீடு கட்ட முடியாது, கிணறு வெட்ட முடியாது, மரம் நட முடியாது. எங்களுக்குக் குறித்த அகலம் 20 மீட்டர், அதாவது 65 அடிக்கு மேல். 25 அடி இடைவெளியில் தென்னை வைத்தவர்களுக்கு அது எத்தனை வரிசை என்று தெரியும்.

முதலில் வந்தவர்கள் சர்வேக்காரர்கள். கையில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள். அப்பா தடுக்கவில்லை, "பேப்பர் ஏதாச்சும் இருக்குங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். "மேல இருந்து சொல்லியிருக்காங்கய்யா, அளந்துட்டுப் போயிர்றோம்" என்றார்கள். சட்டப்படி மத்திய அரசிதழில் பிரிவு 3(1)இன் கீழ், உரிமையை எடுக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்த பிறகுதான் உள்ளே வந்து அளக்கவும் தோண்டிப் பார்க்கவும் அதிகாரம். அதற்கு முன்னால் வந்தால் நம் சம்மதம் வேண்டும். அன்றைக்கு அவர்கள் திரும்பிப் போனார்கள். அறிவிப்போடு வந்தபோது அளந்தார்கள்.

அந்த அறிவிப்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஊர்ப்பெயர், சர்வே எண், அதற்கு எதிரே பரப்பளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். எங்கள் எண்ணுக்கு நேரே 0-18-50 என்று இருந்தது. ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 46 சென்ட். கீழே, அறிவிப்பின் நகல் பொதுமக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் தரலாம் என்றும் போட்டிருக்கும். அந்த 21 நாள்தான் பாதையைப் பற்றிப் பேச நமக்குச் சட்டம் தரும் வாய்ப்பு.

ஊரில் ஒரு பொதுமனு தயாரானது: குழாய் விளைநிலத்தில் வேண்டாம், சாலையோரம் கொண்டுபோங்கள். நியாயமான கோரிக்கை, நானும் கையெழுத்துப் போட்டேன். 2014இல் ஆந்திராவின் நகரம் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கோரிக்கை எதுவரை போகும் என்பதும் தெரிந்ததுதான். மத்திய அரசு நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாயை நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுபோக வேண்டும் என்று 2013இல் முதல்வராக இருந்த ஜெயலலிதா சட்டமன்றத்திலேயே அறிவித்தார். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசின் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஓர் அரசாங்கத்தாலேயே முடியாததை நம் ஊர் மனு முடித்துவிடாது. அதனால் எங்கள் நிலத்துக்கென்று தனியாகவும் ஒரு மனு எழுதினோம்.

அதில் கோபம் எதுவும் இல்லை, அந்தச் சட்டத்தின் பிரிவு 7 மட்டும்தான். குடியிருக்கும் இடம், நிரந்தரக் கட்டடம் நிற்கும் இடம், வீட்டை ஒட்டிச் சேர்ந்த இடம் ஆகியவற்றின் அடியில் குழாய் பதிக்கக் கூடாது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் கூடாது. எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, முன்னால் இருக்கும் களத்தை அவர்கள் போட்ட கோடு குறுக்காக வெட்டியது. புல வரைபட நகலில் சாளை, களம், கட்டுத்தறி, கிணறு எல்லாவற்றையும் பென்சிலால் குறித்து, கிழக்குப் பொழியோரமாக, அதாவது வரப்போரமாக, ஒரு மாற்றுக் கோடும் போட்டு மனுவோடு இணைத்தோம். ஆட்சேபணைகளை விசாரிப்பவர் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ என்பவர். விசாரணையில் அவர் மற்ற பக்கங்களைப் புரட்டிவிட்டு அந்த வரைபடத்தில்தான் நின்றார். "இப்படிப் போனா உங்களுக்குச் சம்மதமா?" என்றார். சம்மதம் என்று சொல்ல வாய் வரவில்லை. "இப்படிப் போனா சாளை தப்பிக்குங்க" என்றார் அப்பா. கோடு பொழியோரத்துக்கு நகர்ந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அப்படி நகரவில்லை. அவருடைய மனுவில் இருந்தது பொதுமனுவின் வாசகம் மட்டும்.

ஆட்சேபணையின் மேல் அந்த அதிகாரி போடும் உத்தரவே இறுதியானது. அப்புறம் பயன்பாட்டு உரிமையை எடுப்பதாகப் பிரிவு 6இன் கீழ் பிரகடனம் வரும். முதல் அறிவிப்பிலிருந்து ஓராண்டுக்குள் அது வராவிட்டால் அறிவிப்பு காலாவதி. எங்களுக்கு வந்துவிட்டது.

அடுத்ததுதான் பணத்தைத் தீர்மானிப்பது: மகஜர். நிலத்தில் என்னென்ன இருந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு எதைக் கேட்டாலும் "மகஜர்ல இல்லீங்களே" என்பார்கள். எழுத வந்தவர் தென்னையைச் சரியாக எண்ணினார். ஆனால் கொறங்காட்டின் கிளுவை வேலியை "முள்புதர்" என்று எழுதியிருந்தார். கிளுவை வேலி போட்டு ஆடு நுழையாத அளவுக்கு அடர வைப்பது எத்தனை வருட வேலை என்று அவருக்குத் தெரியாது போலும். வெள்வேல மரங்களைச் சேர்க்கவே இல்லை. மண்ணுக்கடியில் போகும் பி.வி.சி. குழாயும் சொட்டுநீர்ப் பக்கக் குழாய்களும் கண்ணுக்குத் தெரியாததால் விடுபட்டிருந்தன. திருத்தாமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். முகம் சுளித்தார், ஆனால் திருத்தினார். மரங்களை நாங்களும் எண் எழுதிப் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். கையெழுத்துப் போட்டவுடன் நகலை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இழப்பீடு இரண்டு வகை. பயிர், மரம், வேலி, வருமானம் ஆகியவற்றுக்கு நேர்ந்த சேதத்துக்கு ஒன்று. நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் இன்னொன்று. இந்தப் பத்து சதவீதம்தான் எனக்கு இன்றும் ஆறாதது. நிலம் உன்னுடையது என்கிறார்கள், மரம் வைக்காதே என்கிறார்கள், பத்தில் ஒரு பங்கு போதும் என்கிறார்கள். அதிலும் சந்தை மதிப்பு எது என்பதில் தகராறு. சென்ட்டுக்கு 4,000 ரூபாய் என்று வைத்தால் 46 சென்ட்டுக்குக் கிடைப்பது 18,400. அதே சென்ட்டுக்கு 20,000 என்று நிரூபித்தால் 92,000. எங்களுக்குக் கணக்கிட்டது பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டி.

பட்டா தாத்தா பெயரில் இருந்தால் பணம் நிற்கும். வாரிசுச் சான்றிதழ், பங்காளிகளின் சம்மதம் எல்லாம் முன்கூட்டியே முடித்து வைப்பது நல்லது.

குழி வெட்டும்போது கூடவே நின்றோம். எங்கள் பக்கம் மேலே செம்மண், இரண்டடிக்குக் கீழே சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல். மேல்மண்ணைத் தனியாகக் குவிக்கச் சொல்லாவிட்டால் மூடும்போது சுக்கான்தான் மேலே வரும், அதில் சோளத்தட்டுகூட முளைக்காது. குழாயை இறக்கியதும் டேப் பிடித்து ஆழத்தைப் பார்த்தோம். ஓரிடத்தில் குறைந்திருந்தது, மறுபடி தோண்டினார்கள்.

தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம். பணத்தை வாங்கும்போதே "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதச் சொன்னார் வக்கீல், எழுதினோம். அறிவிப்பு வந்த சமயத்தில் சுற்றுவட்டாரத்தில் நடந்த விற்பனைகளின் கிரயப் பத்திர நகல்களைப் பத்திர அலுவலகத்தில் எடுத்து மனுவோடு கொடுத்திருக்கிறோம். அந்தப் பட்டையில் இனி தென்னை வைக்க முடியாததால் வரும் வருமான இழப்பையும் தனித் தலைப்பில் கேட்டிருக்கிறோம். மனு நிலுவையில் இருக்கிறது.