தேர் போகிற அகலம்

திருநெல்வேலி டவுனில் நான்கு ரத வீதிகளும் இத்தனை அகலமாகத் தப்பிப் பிழைத்திருப்பதற்கு நெல்லையப்பர் தேருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஆனி மாதத்தில் பிள்ளையார், முருகன், சுவாமி, அம்மன், சண்டிகேசுவரர் என ஐந்து தேர்களும் இந்த வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்தாக வேண்டும். சுவாமி தேர் ஒரு முக்கில் திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தால், அங்கே ஒரு அடி மாடத்தைக்கூட வெளியே நீட்ட யாருக்கும் மனசு வராது. கடைக்காரர்கள் வருசம் முழுக்க முன்னே இழுத்துவிடும் தகரப் பந்தல்கள், திருவிழா நெருங்கியதும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

கீழ ரத வீதியில் சாயங்காலம் நின்றால் கூட்டம் முழுக்க இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசை கட்டி நிற்கிறது. வரிசையில் நிற்கிறவர்கள் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கலாம். கீழே கண்ணாடிக் கதவு, அலுமினியத் தகடு, பளிச்சென்று விளக்குப் பலகை. அதற்கு மேலே சில இடங்களில் இன்னும் பழைய மாடி: மரத்தூண், சுண்ணாம்பில் வடித்த கொடி வேலை, விரிசலில் முளைத்த அரசங்கன்று. இந்த ஊரின் வயசைத் தெரிந்துகொள்ள முதல் மாடியைப் பார்த்து நடப்பதுதான் வழி. கோயிலுக்குள் போனால் வயசு கல்லிலேயே கிடக்கிறது. சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இணைக்கிற சங்கிலி மண்டபம் 1647-இல் வடமலையப்பப் பிள்ளை கட்டியது. ஆனால் கோயிலைப் பற்றி எழுத ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தேடிப் போனது வளவுகளை.

ரத வீதியை விட்டு உள்தெருக்களுக்குள் திரும்பினால், வீட்டு வாசல் போலவே ஒரு சின்ன வாசல் இருக்கும். குனிந்து உள்ளே போனால் நீண்ட நடை, அதன் இருபுறமும் வீடுகள், நடுவில் பொதுக் கிணறு. அதுதான் வளவு. சில வளவுகளில் எல்லோரும் சொந்தக்காரர்கள். சிலவற்றில் வாடகைக்கு வந்து மூன்று தலைமுறையாகத் தங்கிவிட்டவர்கள். வீடுகள் அகலம் குறைந்து நீளமாக ஓடும். முதலில் தார்சா என்கிற முன்கட்டு, அடுத்துப் பட்டாசல் என்கிற கூடம், பிறகு அடுப்பங்கரை, கடைசியில் புறவாசல். மேலே பனங்கட்டைகளை அடுக்கி, செங்கல் பாவி, சுண்ணாம்பு இடித்துப் போட்ட மட்டப்பா, அதாவது தட்டையான மொட்டைமாடி. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பு அது. வைரம் பாய்ந்த பனை கிடைக்கிற ஊரில் தேக்குக்கு ஏன் அலைய வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு வளவு வாசலை நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து ஒரு ஆச்சி வந்தார்.

“என்னத்தப் படம் புடிக்கீய தம்பி? இடிக்கப் போற வீட்டையா?”

“நல்லாத்தான இருக்கு ஆச்சி, ஏன் இடிக்கணும்?”

“அண்ணன் தம்பி நாலு பேரு. ஆளுக்கு ஒரு வீடுன்னு பிரிச்சுக்கிடலாம். கெணத்த யாருக்கு எழுத?”

வீடுகள் பாகப்பிரிவினையில்தான் முதலில் உடைகின்றன. அதன் பிறகு காரை நிறுத்த இடமில்லை, கட்டிலை உள்ளே கொண்டுபோக வழியில்லை என்ற நியாயமான காரணங்கள் வரிசையாக வரும். நியாயம்தான், புறவாசல் கக்கூசுக்கு ராத்திரியில் போய் வராதவர்கள் பழமையைப் பற்றி உருகுவது சுலபம். எனக்குக் கோபம் வருவது சிமெண்டு பூச்சைப் பார்க்கும்போதுதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், திரும்ப வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் பொரிந்து உதிரும். “பழைய சுவர், இனி தாங்காது” என்று கொத்தனார் சொல்ல, அடுத்த வருசம் அங்கே மூன்று மாடி எழும்பும்.

டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் தாமிரபரணியை ஒரு நிமிசத்தில் கடந்துவிடுவார்கள். ஆற்றுக்கு முன்பே இறங்கிச் சுலோச்சன முதலியார் பாலத்தை நடந்து கடக்கச் சொல்வேன். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார் என்கிற அதிகாரியாக இருந்த முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது, திறந்த ஆண்டு 1843. கீழே படித்துறையில் நின்று பார்த்தால் அதன் வளைவுகள் தெரியும். பக்கத்தில் புதிய பாலமும் வந்துவிட்டது. அதற்கு வளைவெல்லாம் கிடையாது.

இரண்டு ஊர்களும் ஒரே மாநகராட்சியானது 1994-இல்தான். தெருவில் நடந்தால் இன்னும் தனித்தனி ஊர்கள்தான். டவுன் கோயிலைச் சுற்றி வளர்ந்தது. பாளை கோட்டையாலும் பள்ளிக்கூடங்களாலும் வளர்ந்தது. ஊமைத்துரை 1801-இல் சிறையிலிருந்து தப்பியது இந்தக் கோட்டையிலிருந்துதான். மதில் போய்விட்டது. மேற்கு வாசல் இன்னும் நிற்கிறது, ஒரு காலத்தில் அதன் மேல் காவல் நிலையம் குடியேறிய புண்ணியத்தால். இன்றும் அதற்கு மேடை போலீஸ் ஸ்டேசன் என்றே பெயர். யாராவது குடியிருந்து, கூரை ஒழுகுகிறது என்று புகார் எழுதிக்கொண்டே இருந்தால்தான் ஒரு கட்டடம் பிழைக்கும் போலிருக்கிறது. 1826-இல் கட்டிய ஊசிக்கோபுரம் என்கிற தேவாலயத்தில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிறது. அதைவிடப் பழையது, குளோரிந்தா என்ற தஞ்சாவூர்ப் பிராமண விதவை 1785-இல் எழுப்பிய சின்னஞ்சிறு தேவாலயம். ஊர்க்காரர்களிடம் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வெயிலேறும் முன் போய்விடுங்கள், பாளையில் நிழல் குறைவு.