கோயாசானில் இரண்டு வேளை அமுது

ஒசாகாவின் நம்பா நிலையத்தில் நங்காய் ரயிலேறி, கடைசியில் கேபிள் காரில் மலையேறினால் கோயாசான் என்ற பௌத்தத் தலம். சுமார் 800 மீட்டர் உயரத்தில், ஊரே கோவில்களாக இருக்கிறது. நூற்றுக்கு மேல் இருக்கும். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவற்றில் யாத்ரீகர்கள் தங்கலாம். சாப்பாடு சுத்த சைவம், அதனால் நமக்குக் கவலையில்லை.

816-ல் இந்த மலையைப் பேரரசரிடம் கேட்டுப் பெற்றவர் கூக்காய் என்ற பௌத்தத் துறவி. மக்கள் அவரைக் கோபோ தைஷி என்று கும்பிடுகிறார்கள். சீனாவில் ஹுய்குவோ என்ற குருவிடம் தீட்சை பெற்று வந்தவர். அந்தக் குருபரம்பரையில் தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே சீனா போன துறவி வஜ்ரபோதியும் உண்டு. தங்கிய கோவிலில் விடிகாலையில் துறவி ஒருவர் தீ வளர்த்து, மந்திரம் ஓதி, சமித்துகளை ஒவ்வொன்றாக இட்டபோது எனக்கு எதுவும் அந்நியமாகப் படவில்லை.

ஆனால் கோயாசானின் உயிர் ஓக்குனோயின் என்ற சமாதிக் காட்டில்தான். இச்சினோஹாஷி பாலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர், நெடுநெடுவென்ற சுகி (ஜப்பானிய தேவதாரு) மரங்களுக்கு அடியில் நடை. இருபுறமும் பாசி படர்ந்த இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சமாதிகள், நினைவுக் கற்கள். பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவுக்கும் இடமுண்டு, அவரை வீழ்த்திய அகெச்சி மித்சுஹிதேவுக்கும் உண்டு. கோயாசானையே முற்றுகையிட்டவர் நொபுனாகா என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். புதிய பகுதியில் கரையான்களுக்குக்கூட ஒரு நினைவுக்கல். வைத்தது கரையான் ஒழிப்புச் சங்கம்! சிரிப்பு வந்தது, அப்புறம் கையும் தானாகக் குவிந்தது.

நடையின் முடிவில், கூக்காயின் சமாதிக்கு முன்னால் உள்ள கோபியோபாஷி பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது. 835-ல் கூக்காய் இறக்கவில்லை, தியானத்தில் அமர்ந்தார், இன்னும் அமர்ந்திருக்கிறார் என்பது அடியார்களின் நம்பிக்கை. ஜீவசமாதி என்றால் நமக்கு விளக்க வேண்டியதில்லை. தியானத்தில் இருப்பவருக்குச் சாப்பாடு வேண்டாமா? தினமும் காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் கொண்டுபோகிறார்கள். வாயை வெள்ளைத் துணியால் மூடிய இரு துறவிகள் மரப்பெட்டியைத் தோளில் சுமக்க, முன்னால் மூத்தவர் நடக்கிறார். முதலில் உணவை ருசி பார்ப்பதாகச் சொல்லப்படும் ஜிசோ என்ற போதிசத்துவரின் சன்னதியில் நிறுத்துகிறார்கள். பிறகு பாலம் கடந்து, பத்தாயிரத்துக்கும் மேல் விளக்குகள் உள்ள மண்டபத்துக்குள் போய்விடுகிறார்கள். ஆர்ப்பாட்டம் கிடையாது. நினைவுச் சடங்கின் சாயலே இல்லை. உயிரோடிருக்கும் ஒருவருக்குப் பசிக்குமே என்ற அக்கறைதான் அந்த நடையில் தெரிந்தது. அங்கே நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை, தோன்றவே இல்லை.

பெண்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1872 வரை அவர்களுக்கு மலைமேல் அனுமதியில்லை. ஊர் எல்லையிலிருந்த பெண்கள் மண்டபங்களில் ஒன்று மட்டும், நியோனின்தோ, மிஞ்சியிருக்கிறது. கேபிள் கார் நிலையத்திலிருந்து வரும் பேருந்து அதன் வாசலில்தான் நிற்கும். இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆறு மணி அமுது தங்குமிடப் பூஜையோடு மோதக்கூடும். பத்தரைக்கே திட்டமிடுங்கள், பத்து மணிக்குக் கோபியோபாஷி பாலத்தருகே இருந்தால் சரியாக இருக்கும்.