உள்ளங்கை இருட்டு

"கொஞ்சம் இரு, கண்ணை மூடிக்கொள்கிறேன். அவன் கடிதத்தைப் பிரித்துவிட்டான்."

புதுச்சேரி கடற்கரைச் சாலை, காந்தி சிலைக்கு அருகில். பெரியம்மா மாத நாவலை மடியில் கவிழ்த்துவிட்டு, உள்ளங்கைகளைக் குழித்துக் கண்களின் மேல் வைத்துக்கொண்டார். இமையில் துளி அழுத்தமும் இல்லை.

எப்போதோ அரவிந்தர் ஆசிரமத்தின் கண் பயிற்சிப் பள்ளியில் கற்றது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பொடி எழுத்து வாசிப்பதும் அங்கே ஒரு பயிற்சி.

நாற்பதுக்கு மேல் விழிவில்லை இறுகுவதை எந்தப் பயிற்சியும் தடுக்காது. பெரியம்மாவும் கண்ணாடி போட்டுத்தான் வாசிக்கிறார். ஆனால் கிட்டத்திலேயே பார்த்துக் களைத்த கண்ணுக்கு இப்படி உள்ளங்கையால் மூடிவைப்பது ஓய்வு. இமைக்க மறந்த விழியில் ஈரம் திரும்புகிறது.

எனக்குப் பிடித்தது அந்த இருட்டு.

கடிதம் எழுதியவள் காதலியா, கொலையாளியா? இரண்டுமேவா? பக்கத்தைப் புரட்ட முடியாமல் அவள் முகத்தையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். காதல் கலந்த மர்மக் கதையில் சந்தேகப்படுகிறவனே நேசிக்கவும் செய்கிறான். வெறும் துப்பறியும் கதையில் இந்தத் தவிப்பு எனக்குக் கிடைத்ததே இல்லை.

கைகளை எடுத்தவர், தொலைவில் ஒரு படகை வெகுநேரம் பார்த்தார்.

"அவள் எழுதவில்லை," என்றார். "அது வேறு யாருடைய கையெழுத்தோ."

நாவலை நிமிர்த்தினார்.