அந்த சின்ன வளையம் எங்க இருக்கு

மார்ச் 3, ராத்திரி

ப்ரெக்னன்சி கிட்ல ரெண்டு கோடு. ரெண்டாவது ரொம்ப மங்கல், லைட்டு கிட்ட புடிச்சு புடிச்சு பாத்தேன், இருக்கு. கடைசியா பீரியட்ஸ் வந்தது ஜனவரி 16, அந்த கணக்குக்கு ஆறரை வாரம், ஆனா எனக்கு எப்பவுமே நாள் முன்ன பின்ன தான் வரும், அதனால அந்த கணக்க நம்பவும் முடியல. இவர்கிட்ட சொன்னேன். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தோம். பாப்பாக்கு ஒன்றரை வயசு, அவ பொறந்தப்புறம் என் மனசு ஒரு நிலைக்கு வர எவ்ளோ நாளாச்சுன்னு எங்க ரெண்டு பேருக்கு தான் தெரியும்.

மார்ச் 4

அக்கா போன்ல, "மாத்திரை போட்டா முடிஞ்சுச்சுடி, எதுக்கு ஸ்கேன் கீன்னு அலையுற"ங்கறா. அவ சொல்றதும் முழுசா தப்பு இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022-ல விட்ட வழிகாட்டுதல்லயே கருக்கலைப்புக்கு முன்னாடி எல்லாருக்கும் ஸ்கேன் கட்டாயம்னு இல்ல. நாள் சரியா தெரிஞ்சு, வலியோ ரத்தமோ இல்லாதவங்களுக்கு ஸ்கேன் இல்லாமலே செய்யலாம். ஆனா எனக்கு நாளும் சரியில்ல, நேத்துலேந்து இடது அடிவயித்துல ஒரு இழுப்பு, காலைல பழுப்பு கலர்ல லேசா ஒரு கறை வேற. கரு கருப்பைக்குள்ள வராம டியூப்ல, அதான் கருக்குழாய்ல, தங்கியிருந்தா இந்த மாத்திரை அத ஒண்ணும் பண்ணாது. ரத்தம் மட்டும் வரும், சரி கலைஞ்சிடுச்சுன்னு நாம நிம்மதியா இருப்போம், அது உள்ள வளந்துகிட்டே போய் டியூப் வெடிக்கற வரைக்கும் போகலாம். 100 பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு தான் அப்படி ஆகுமாம், அந்த ஒருத்தி நானா இருந்தா?

மார்ச் 6

மொத வயித்து மேல ஜெல் தடவி பாத்தாங்க, சரியா தெரியல, யூரின் போயிட்டு வரச்சொல்லி உள்ள வச்சு பாக்குற ஸ்கேன் எடுத்தாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர், "ஸ்க்ரீன பாக்கணுமா வேணாமா, உன் இஷ்டம் தாம்மா"ன்னு கேட்டாங்க. இந்த மூணு நாள்ல என் இஷ்டத்த கேட்ட மொத ஆள் அவங்க தான். வேணாம்னேன். ஸ்க்ரீன அந்தப்பக்கம் திருப்பிட்டாங்க. ஆனா இடது பக்கம் வந்ததும் அவங்க கை நின்னுடுச்சு, பேச்சும் நின்னுடுச்சு, அந்த ஒரு நிமிஷம் எனக்கு மூச்சே வரல.

கருப்பைக்குள்ள இன்னும் எதுவும் தெரியலையாம். ரொம்ப சின்னதா இருக்கலாம், ஏற்கனவே கலைஞ்சிருக்கலாம், வெளிய எங்கயாவது தங்கியிருக்கலாம், இப்பவே எதுன்னு சொல்ல முடியாது. வலி, முட்டை வெளிய வந்த எடத்துல உருவான ஒரு சின்ன நீர்க்கட்டியால இருக்கலாமாம், அது தானா சுருங்கிடும். பீட்டா ஹெச்சிஜின்னு ரத்தத்துல கர்ப்ப ஹார்மோன பாக்குற டெஸ்ட் எடுத்ததுல 640. இந்த அளவுல கருப்பை உள்ள கரு இருந்தாலும் ஸ்கேன்ல தெரியாதாம். 48 மணி நேரம் கழிச்சு திரும்ப எடுக்கணும். அதுக்குள்ள ஒரு பக்கமா வலி அதிகமானாலோ, தோள்பட்டை வலிச்சாலோ, தலை சுத்தி மயக்கம் வந்தாலோ நடுராத்திரின்னாலும் ஓடி வந்துடணும்னு ரெண்டு தடவ சொன்னாங்க.

மார்ச் 7

தூக்கம் இல்ல. தோள தொட்டு தொட்டு பாக்குறேன். இந்த ஸ்கேன் எப்படி வந்துச்சுன்னு படிச்சுட்டிருந்தேன், 1958-ல கிளாஸ்கோல இயன் டொனால்டுங்கற டாக்டர் தன் கூட இருந்தவங்களோட சேந்து, உலோகத்துல விரிசல் தேடுற கருவிய வயித்துல வச்சு பாத்து எழுதினாராம். அதுக்கு முன்னாடி என்ன மாதிரி இருந்தவங்கள நெனச்சா வயித்த என்னமோ பண்ணுது.

மார்ச் 8

திரும்ப எடுத்த ரத்த டெஸ்ட்ல 1,390. டபுளுக்கு மேல. நான் அழுதுட்டேன், ஆனா நம்பர் ஏறினா மட்டும் கரு உள்ள தான் இருக்குன்னு அர்த்தம் இல்லம்மான்னு டாக்டர் உடனே சொல்லிட்டாங்க. இன்னொரு ஸ்கேன் பாக்கணும்.

மார்ச் 13

இந்த தடவ ஸ்க்ரீன பாக்கறேன்னு நானே சொன்னேன். சாம்பல் கலர்ல கருப்பை, அதுக்குள்ள கறுப்பா ஒரு சின்ன பை, பைக்குள்ள வெள்ளையா ஒரு வளையம். அந்த வளையம் தான் யோக் சாக்காம், ஆரம்பத்துல கருவுக்கு ஊட்டம் குடுக்கற சின்ன பை, அது தெரிஞ்சா கரு கருப்பைக்குள்ள தான் இருக்குன்னு உறுதி. ரெண்டு பக்கமும் கூட்டல் குறி வச்சு பைய அளந்தாங்க, 5 வாரம் 4 நாள் அளவுக்கு இருக்காம். என் ஜனவரி கணக்குப்படி இன்னைக்கு சரியா 8 வாரம். முட்டை லேட்டா வந்திருக்கு, அவ்ளோ தான். துடிப்பு இன்னும் தெரியல, பொதுவா 6 வாரம் வாக்குல தான் தெரியுமாம். தேதிய மட்டும் நம்பியிருந்தா 8 வாரமாகியும் துடிப்பு இல்ல, கரு போச்சுன்னு யாராவது முடிவு கட்டியிருப்பாங்க. அதே பை, அதே வளையம்!

மார்ச் 15

எங்க இருக்குன்னு தெரிஞ்சுடுச்சு, எத்தன வாரம்னும் தெரிஞ்சுடுச்சு. வச்சுக்கணுமா வேணாமாங்கறதுக்கு அந்த ஸ்க்ரீன்ல பதில் இல்ல, அத ரெண்டு ராத்திரி உக்காந்து நாங்க தான் பேசினோம், அழுதோம். டாக்டர் இவர வெளிய இருக்க சொல்லிட்டு, இது உன் முடிவு தானே, யாரும் கட்டாயப்படுத்தலையேன்னு தனியா கேட்டாங்க. என் முடிவு தான்னேன். கலைக்கறதுக்கு மொத மருந்து மைஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், ஒரே மாத்திரை, அங்கேயே முழுங்கினேன். ரெண்டாவது மருந்து மிசோப்ரோஸ்டால், 24 மணி நேரத்துலேந்து 48 மணி நேரத்துக்குள்ள. ஒரு மணி நேரத்துல ரெண்டு பெரிய பேட் முழுசா நனைஞ்சு, அடுத்த மணி நேரமும் அப்படியே நனைஞ்சா உடனே கெளம்பி வரணும்னு ஒரு பேப்பர்ல எழுதி குடுத்தாங்க, ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கேன். நாளைக்கு இவர் லீவு. அக்கா பாப்பாவ பாத்துக்க காலைல வரேன்னா, "ஸ்கேன் எடுத்தது நல்லதுடி"ன்னு மெதுவா சொல்லிட்டு போன வச்சுட்டா.