மின்சிட்டும் கல்பாசியும்

கோத்தகிரி சோலை ஓரம். பெண் மின்சிட்டு ஒன்று மரப்பட்டையிலிருந்து சாம்பல் நிறத் துணுக்கைப் பிய்த்துக்கொண்டு கிளைக்குப் போனது.

அங்கே பாதி கட்டிய கூடு. சிலந்தி நூலோடு சேர்த்து அதை வெளிப்பக்கம் ஒட்டியது. தள்ளி நின்று பார்த்தால் கிளையில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான்.

அந்தத் துணுக்கு லைக்கன். நாம் பிரியாணியில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். பூஞ்சை இடம் கொடுக்கிறது, பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது.

மின்சிட்டுக் குஞ்சு சில வாரங்களில் பறந்துவிடும். லைக்கனில் பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்.

மரத்தை வெட்டினால் கன்று நட்டுச் சரிசெய்யலாம் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கன்றில் கையளவு லைக்கன் படரவே பல வருடம் ஆகும். வெட்ட மரம் குறிப்பவர்கள் பட்டையையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.